நூறு படிவங்கள் வேண்டாம், ஒரு கேள்வி போதும்

சற்று நீண்ட பதிவு. பொதுச் சுகாதாரம், சமூகவியல், மொழியியல் ஆகிய துறைகளில் பயிலும் மாணவர்களும் அவர்களை நெறிப்படுத்தும் ஆசிரியர்களும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற வாரம் மாணவி ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். தமிழகத்தில் இளநிலைப் படிப்பை முடித்து, இப்போது ஐரோப்பியப் பல்கலைக்கழகமொன்றில் பொதுச் சுகாதாரத்தில் முதுகலை பயில்பவர். பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக, கென்யாவின் கிசுமு நகரை ஒட்டிய ஊர்களில் எட்டு வாரம் பயிற்சி ஆய்வு செய்ய அவருக்கு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. இளந்தாய்மார்களின் மனநலம் பற்றிய ஆய்வு. "அக்கா, எந்தப் புள்ளியியல் மென்பொருளைக் கற்றுக்கொண்டு போகட்டும்? நூறு பேரிடம் படிவம் நிரப்பினால் போதுமா?" என்று கேட்டிருந்தார்.

"அந்தத் தாய்மார்கள் வீட்டில் என்ன மொழி பேசுவார்கள்?" என்று திருப்பிக் கேட்டேன். "சுவாகிலியாக இருக்கும். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நிறுவனமே ஏற்பாடு செய்யுமாம்" என்று பதில் வந்தது. கிசுமு, விக்டோரியா ஏரிக்கரையில் லுவோ மக்கள் வாழும் பகுதி. அவர்களின் வீட்டு மொழி தோலுவோ. சுவாகிலி அந்நாட்டின் தேசிய மொழி, பலருக்கும் தெரியும். ஆனால் சுவாகிலி பாண்டு மொழிக் குழுவைச் சேர்ந்தது. தோலுவோ நிலோட்டிய மொழிக் குழுவைச் சேர்ந்தது. தமிழுக்கும் இந்திக்கும் இருப்பதைவிட நெருங்கிய உறவு இவற்றுக்கிடையே இல்லை. நள்ளிரவில் குழந்தை அழும்போது ஒரு தாய் தனக்குள் சொல்லிக்கொள்வது எந்த மொழியிலோ, அந்த மொழியில்தான் அவளுடைய மனநலத்தைப் பற்றிய சொற்கள் இருக்கும்.

இதை எழுத எனக்குத் தகுதி தந்தது மொழியியல் பட்டம் அன்று. நான் செய்த ஒரு பிழை.

முதுகலை முடித்த கோடையில், தில்லி கிட்வாய் நகரில் உறவினர் வீட்டில் தங்கி, முனைவர் பட்டச் சேர்க்கைக்காகக் காத்திருந்தேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து பொதுச் சுகாதார மாணவர் ஒருவர் எட்டு வாரப் பயிற்சி ஆய்வுக்காக வந்திருந்தார். புலம்பெயர்ந்த பெண் தொழிலாளர்களின் மனநலம் அவருடைய பொருள். ஜங்புராவை அடுத்து பாராபுல்லா வடிகாலின் கரையில் அப்போது இருந்த மதராசி கேம்ப் அவர் தேர்ந்துகொண்ட களம். பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்து, பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்கள். பெண்களில் பலர் சுற்றுவட்டாரத்து வீடுகளில் வேலை செய்தனர். அந்த மாணவருக்குத் தமிழும் தெரியாது, இந்தியும் தெரியாது. தெரிந்தவர் வழியாக என்னைத் தேடி வந்தார். பணமும் கிடைக்கும், அனுபவமும் கிடைக்கும் என்று ஒப்புக்கொண்டேன். ஆங்கிலப் படிவத்தைத் தந்து மறுநாள் காலைக்குள் தமிழாக்கக் கேட்டார். ஒரே இரவில் முடித்துக் கொடுத்தேன். அன்று எனக்கு அது பெருமையாகவும் இருந்தது.

அப்படிவத்தில் ஒரு கேள்வி: கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாட்கள் நீங்கள் நம்பிக்கையற்று உணர்ந்தீர்கள்? களத்தில் அதைப் பேச்சு வழக்குக்கு மாற்றி, "நம்பிக்கை இல்லாத மாதிரி இருந்துச்சாக்கா?" என்று கேட்டேன். நாற்பது வயதைக் கடந்த ஓர் அக்கா, விழுப்புரம் பக்கத்தவர், சற்றே வியந்து என்னைப் பார்த்தார். "நம்பிக்கை இல்லாம எப்படிக் கண்ணு வாழறது? மாரியாத்தா இருக்கா இல்ல" என்றார். நான் "ஒருநாளும் இல்லை" என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

தமிழில் நம்பிக்கை என்ற ஒரே சொல் ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்கள் பங்கிட்டுக்கொள்ளும் பொருளைச் சுமக்கிறது. தெய்வத்தின் மீதுள்ள பற்றும் நம்பிக்கைதான். கணவன்மீது வைப்பதும் நம்பிக்கைதான். கடன் கொடுப்பவர் நம்மீது வைப்பதும், நாளை நன்றாக விடியும் என்று எதிர்பார்ப்பதும் நம்பிக்கைதான். ஆங்கிலப் படிவம் கேட்டது கடைசிப் பொருளை. அந்த அக்கா மறுமொழி தந்தது முதற்பொருளுக்கு. தெய்வ நம்பிக்கை இல்லையா என்று ஒரு படித்த பெண் கேட்கிறாளே என்றுதான் அவர் வியந்திருக்கிறார்.

படிவம் முடிந்து நாங்கள் எழுந்தபோது, வாசற்படியில் நின்றபடி அவர் தாமாகவே சொன்னார்: "ராத்திரியில நெஞ்சை அடைக்குது கண்ணு. எதுக்குத்தான் விடியுதோன்னு இருக்கும்." படிவம் கேட்க விரும்பியதற்கான விடை அதுதான். மாணவர் என்னைப் பார்த்து, ஏதேனும் மாற்ற வேண்டுமா என்று கேட்டார். அடுத்த வீட்டுக்காரர் காத்துக்கொண்டிருந்தார்; வெயில் வேறு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

குற்றம் என்னுடையது. ஆனால் அந்தக் குற்றம் எளிதாக நிகழும்படி அந்த எட்டு வாரமும் அமைக்கப்பட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நூறு படிவங்கள் என்பது இலக்கு. ஒரு வீட்டுக்கு 20 நிமிடம். மொழிபெயர்ப்புக்கு ஒரே இரவு. ஒருவர் உண்மையிலேயே துயரத்தில் இருப்பதாகத் தெரிந்தால் அவரை எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு எங்கள் இருவரிடமும் விடை இல்லை. எய்ம்ஸும் சப்தர்ஜங் மருத்துவமனையும் நான் தங்கியிருந்த வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவு. எந்த நாளில், எந்தப் புறநோயாளர் பிரிவில், யாரிடம் போகச் சொல்வது என்று நான் விசாரித்து வைத்திருக்கவில்லை. அந்த அக்காவின் பெயர் ஓர் எண்ணாக மாறி, அவருடைய மனநலம் நன்று என்ற தரவாக அட்டவணையில் ஏறியது.

இது ஒரு சொல்லோடு நிற்கும் சிக்கல் அன்று. பொதுச் சுகாதார ஆய்வின் அடிப்படைக் கேள்விகள் பலவும் இப்படித்தான். வயிற்றுப்போக்கை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ இளகி மலம் கழிந்தால், அல்லது வழக்கத்தைவிட அதிக முறை அப்படிக் கழிந்தால், அது வயிற்றுப்போக்கு. நம் ஊர்த் தாயோ தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இளகிப் போனால் அதை நோயென்றே கருதமாட்டார். பல் முளைக்கும்போது போனால் "பல்லு முளைக்குது, அதான்" என்பார். சிலர் அதை மாந்தம் என்பார்கள். பெரியவர்களுக்குக் கடுமையாகப் போனால்தான் பேதி. "கடந்த இரு வாரங்களில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்ததா?" என்று அச்சுத் தமிழில் கேட்டால் இவ்வளவும் படிவத்துக்கு வெளியே நின்றுவிடும். உப்புச் சர்க்கரைக் கரைசல் தேவைப்பட்ட குழந்தை கணக்கில் வராது.

"உடம்பு சூடு" என்று சொல்பவருக்குக் காய்ச்சல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வெப்பமானி வைத்துப் பார்த்தால் இயல்பாக இருக்கும் உடம்பையும் சூடு என்கிறோம். உணவும் உறக்கமின்மையும் அதற்குக் காரணம் என்கிறோம். "குடும்பம்" என்பதும் தெளிவானதன்று. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பொதுவான ஒரு சமையலறையில் உண்பவர்களை ஒரு குடும்பமாகக் கொள்கிறது. ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரியும் வீட்டில் "உங்க குடும்பத்துல எத்தனை பேர்?" என்று கேட்டால் ஊரில் இருக்கும் மாமியாரையும் சேர்த்துத்தான் விடை வரும். "இரண்டு வாரம்" என்ற கால அளவுகூட மாதச் சம்பளக்காரருக்கும் கல்லூரிக்காரருக்கும் உரியது. பலரிடம் போன அமாவாசைக்குப் பிறகா, ரேஷன் வாங்கியதற்குப் பிறகா என்று கேட்டால்தான் நாள் தெளிவாகிறது.

இது தமிழுக்கு மட்டும் உரிய நிலையுமன்று. கிட்வாய் நகரிலிருந்து ரிங் ரோட்டைக் கடந்தால் எய்ம்ஸ் வாசலில் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த நோயாளிகளின் குடும்பங்கள் நடைபாதையில் படுத்திருப்பதைப் பார்க்கலாம். போஜ்புரியும் மைதிலியும் அவர்களின் வீட்டு மொழிகள். "கப்ராஹட்" என்று அவர்கள் சொல்லும்போது அது நெஞ்சுப் படபடப்பாக இருக்கலாம், அச்சமாக இருக்கலாம், காரணம் புரியாத தவிப்பாகவும் இருக்கலாம். தமிழகத்திலிருந்து தில்லிக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர் அதைக் குறிப்பேட்டில் "பயம்" என்று எழுதிக்கொண்டால், அவரும் அந்த வெளிநாட்டு மாணவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். வெளிநாடு என்பது கடவுச்சீட்டில் முத்திரை விழும் இடத்தில் தொடங்குவதில்லை. நாம் கேட்கும் கேள்வி மற்றவருக்கு வேறாகப் புரியும் இடத்தில் தொடங்குகிறது.

அடுத்தது ஒப்புதல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள், பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் தகவல் தரப்பட வேண்டும் என்று தெளிவாகவே கூறுகின்றன. எங்கள் படிவமும் தமிழில்தான் இருந்தது. "இவ்வாய்வில் தன்னார்வத்துடன் பங்கேற்க இசைகிறேன், எந்நிலையிலும் விலகிக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு என்பதை அறிவேன்" என்று நானே எழுதினேன். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அது அந்தப் பெண்களின் தமிழன்று. ஒருவர் கேட்டார்: "இதுல கையெழுத்துப் போட்டா வீட்டுக்கு ஏதும் ஆயிடுமா பாப்பா?" இருப்பிடம் உறுதியில்லாத குடியிருப்பில் எந்தத் தாளும் ஒரு பட்டியலில் சேர்ப்பதாகவோ நீக்குவதாகவோ இருக்கலாம். விலகும் உரிமையைப் பற்றி நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தோம். அவர்கள் வெளியேற்றத்தைப் பற்றி எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ஒப்புதல் வெறும் தாளாக மாறினால் என்ன நிகழும் என்பதற்கு இந்நாட்டில் பெரிய அளவிலான சான்றே உண்டு. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், பாத் என்னும் அமெரிக்க நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து, கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிக்கான செயல்விளக்கத் திட்டத்தைச் சிறுமிகளிடையே நடத்தின. 2010இல் அது நிறுத்தப்பட்டது. ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948 படிவங்களில் கைரேகை மட்டுமே இருந்ததும், 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே கையொப்பமிட்டிருந்ததும் 2013இல் வெளிவந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் பதிவாயின. தடுப்பூசியின் மருத்துவப் பயன் வேறு விவாதம். அதை நான் இங்கே எடுக்கவில்லை. மாணவரின் எட்டு வார ஆய்வும் அந்தத் திட்டமும் அளவில் ஒப்பிடத்தக்கவையல்ல என்பதும் தெரியும். ஆனால் கையொப்பம் கிடைத்துவிட்டால் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று எண்ணும் பழக்கம் இரண்டிலும் ஒன்றே. அந்தப் பழக்கத்தை நாம் முதன்முதலில் கற்றுக்கொள்வது பயிற்சிக் காலத்தில்தான்.

அப்படியானால் அயல்நாட்டவர் வரவே கூடாதா, நம்மவர் போகவே கூடாதா? அவ்வாறு நான் கருதவில்லை. தமிழர்களின் உடல்நல வரலாற்றிலேயே மறுசான்றுகள் உண்டு.

1847இல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஏறக்குறைய 25. இன்று பயிற்சி ஆய்வுக்கு வரும் மாணவர்களின் வயதுதான். அவர் வந்தது சமயப் பரப்புப் பணியின் பகுதியாக. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மானிப்பாயில் அவர் தமிழைக் கற்றார். மேலை மருத்துவத்தை முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழ்வழிக்கு மாறினார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு, வேதியியல் நூல்கள் அவரும் அவருடைய தமிழ் மாணவர்களும் உழைத்ததால் தமிழுக்கு வந்தன. "இரணவைத்தியம்" 1867இலும் "கெமிஸ்தம்" 1875இலும் வெளிவந்தன. நூலுக்கு முன் கலைச்சொல். கலைச்சொல்லுக்கு முன் மக்கள் சொல்லைக் கேட்டறிதல் என்பதே அப்பணியின் வரிசை. மானிப்பாயில் உள்ள மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்னொன்று சென்னையில் நிகழ்ந்தது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மற்றொரு பகுதியினருக்கு அவர்களின் வீட்டிலேயும் ஓராண்டு சிகிச்சை தரப்பட்டது. நெருக்கடியான வீட்டில், குறைந்த உணவில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர். வீட்டில் உடனிருந்தவர்களுக்குத் தொற்றும் கூடுதலாகவில்லை. 1959இல் வெளிவந்த அம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து விடுவித்தது. நோயாளிகளும் அவர்களின் குடும்பத்தாரும் ஐந்தாண்டு வரை தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். வாலஸ் பாக்ஸ் போன்ற அயல்நாட்டு ஆய்வாளர்கள் அதற்காகச் சென்னையில் ஆண்டுக்கணக்கில் தங்கினர். மாத்திரையை உண்மையிலேயே விழுங்கினாரா என்பதை அறியச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்றனர்; பேச்சை மட்டும் நம்பாமல் சிறுநீரையும் சோதித்தனர். கேள்விக்கு வரும் விடை எவ்வளவு நிலையற்றது என்பதை அறிந்தவர்கள் நடத்திய ஆய்வு அது.

இவ்விரு சான்றுகளிலும் இருந்த காலமும் மொழியும் நம் எட்டு வாரப் பயிற்சிகளில் இல்லை. காலத்தை நீட்ட முடியாது. விடுமுறையின் அளவு அவ்வளவுதான். மொழியைப் பற்றியாவது கேட்கிறோமா? தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் இங்கிலாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ படிக்கச் செல்ல ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் காட்ட வேண்டும். வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என நான்கிலும் தேற வேண்டும். வகுப்பறையில் அமர்ந்து விரிவுரை கேட்பதற்கே இத்தனை சோதனை. வேலூர் மாவட்டத்துத் தாயிடமோ கிசுமுவின் தாயிடமோ கருச்சிதைவைப் பற்றியும் கணவனின் அடியைப் பற்றியும் கேட்கச் செல்பவருக்கு எந்த மொழித் தேர்வும் இல்லை. உலகளாவிய சுகாதாரப் பயிற்சிக்கான நெறிமுறைகளை 2010இல் ஒரு பன்னாட்டுக் குழு வகுத்து வெளியிட்டது. வரவேற்கும் நிறுவனத்துக்கு ஆகும் செலவையும் உழைப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும், வாய்ப்பு இரு திசைகளிலும் செல்ல வேண்டும் என்பவை அதன் சாரத்தில் அடங்கும். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் பல பயிற்சி அறிவிப்புகளில் மென்பொருள் தகுதி இருக்கிறது, மொழித் தகுதி இல்லை.

ஆகவே என் கருத்து இது. குறுகிய காலப் பயிற்சி ஆய்வில் மாணவரிடம் தரவைக் கேட்பதை நிறுத்துவோம். ஒரே ஒரு கேள்வியைக் கேட்போம்: எட்டு வாரத்தின் முடிவில், அந்த ஊர் மக்கள் கேட்ட பொருளிலேயே புரிந்துகொள்ளும் ஒரு கேள்வியை, அவர்களின் சொல்லில் உருவாக்கிக் கொண்டுவா.

இது சிறிய பணியன்று. முதல் இரண்டு வாரம் எந்தப் படிவமும் இன்றிக் கேட்க வேண்டும். மக்கள் தம் துயரை, நோயை, பசியை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று மொழிபெயர்ப்பாளருடன் அமர்ந்து குறிக்க வேண்டும். அடுத்த இரண்டு வாரத்தில் கேள்வியை எழுதி, அந்த மொழி பேசும் வேறொருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லிப் பார்க்க வேண்டும். பிறகு பத்துப் பதினைந்து பேரிடம் கேள்வியைக் கேட்டுவிட்டு, "நான் என்ன கேட்டேன்னு உங்களுக்குத் தோணுச்சு?" என்று அவர்களையே விளக்கச் சொல்ல வேண்டும். அந்த அக்காவிடம் நான் இதைக் கேட்டிருந்தால் மாரியாத்தாளைத் தாண்டி இரவு நெஞ்சடைப்புக்கு ஐந்து நிமிடத்தில் வந்து சேர்ந்திருப்போம். மீதமுள்ள வாரங்களில் கேள்வியைத் திருத்தி, ஏன் திருத்தினோம் என்பதை எழுதி, ஊர்க்காரர்களிடமும் அங்குள்ள சுகாதாரப் பணியாளர்களிடமும் ஒப்படைக்க வேண்டும். நூறு படிவங்கள் மாணவரோடு விமானம் ஏறிவிடும். நல்ல கேள்வி ஒன்று அந்த ஊரிலேயே தங்கி, அடுத்த ஆய்வாளருக்கும் கிராமச் சுகாதாரச் செவிலியருக்கும் பயன்படும்.

இதனோடு மூன்று நிபந்தனைகள் சேர வேண்டும். ஒன்று, மொழிபெயர்ப்பாளர் ஆய்வாளராகக் கருதப்பட வேண்டும்: உரிய ஊதியம், உரிய காலம், வெளியீட்டில் பெயர். எங்கள் ஆய்வின் சுவரொட்டியில் எனக்குக் கிடைத்தது "உள்ளூர் மொழிபெயர்ப்பாளர்" என்ற இரண்டு சொற்கள். ஒரே இரவில் செய்த அந்த மொழிபெயர்ப்புக்கு என் பெயர் இல்லாதது நல்லதாயிற்று என்று இப்போது நினைக்கிறேன். பெயர் போடுவார்கள் என்று தெரிந்திருந்தால் இன்னும் கவனமாகச் செய்திருப்பேன் என்பதும் உண்மை. இரண்டு, துயரத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் துயரம் வெளிப்பட்டால் எங்கே அனுப்புவது என்பது கையில் இருக்க வேண்டும். இந்தியாவில் இப்போது டெலி மானஸ் என்னும் 14416 எண் உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது, தமிழிலும் பேசலாம். கென்யாவில் அதற்கு இணையானது எது என்பதை விமானம் ஏறுமுன் அறிந்துகொள்ள வேண்டும். மூன்று, முடிவுகள் அந்த மக்களின் மொழியில், அவர்களின் ஊரில், அவர்கள் முன்னிலையில் சொல்லப்பட வேண்டும்.

மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். தரவு இல்லாமல் கட்டுரை எழுத முடியாது, கட்டுரை இல்லாமல் முனைவர் பட்டச் சேர்க்கை இல்லை என்று மாணவர் சொல்வார். நியாயமான கவலை. ஆனால் கேள்வியொன்று எவ்வாறு பிறழ்ந்து புரிந்துகொள்ளப்பட்டது என்பதும் ஆய்வு முடிவே; அதை மதிப்பிடும் பொறுப்பு ஆசிரியர்களுடையது. சரிபார்க்கப்பட்ட மொழிபெயர்ப்புப் படிவங்கள் ஏற்கெனவே இருக்கின்றனவே என்று பொதுச் சுகாதாரத் துறையினர் சொல்வார்கள். இருக்கின்றன, பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் ஒரு மருத்துவமனையில், வாசிக்கத் தெரிந்தவர்களிடம் சரிபார்க்கப்பட்ட அச்சுத் தமிழை, குடிசை வாசலில் நின்று ஒருவர் தம் வாய்மொழியில் மாற்றிக் கேட்கும் நொடியில் அது வேறு படிவமாகிவிடுகிறது. எங்கள் ஊருக்கு மாணவர்கள் வருவதால் நிறுவனத்துக்கு வருவாயும் தொடர்பும் கிடைக்கின்றன, கெடுபிடி செய்தால் வரமாட்டார்கள் என்று வரவேற்கும் நிறுவனத்தார் சொல்வார்கள். வருபவர் குறையக்கூடும். வீடுவீடாக ஒரே கேள்விக்கு நான்காம் முறை விடை சொல்லிச் சலித்த பெண்கள் அதற்காக வருந்தமாட்டார்கள்.

2025 ஜூன் முதல் நாளன்று மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. நீதிமன்ற ஆணைப்படி, வடிகாலின் ஆக்கிரமிப்பை அகற்றும் நடவடிக்கை. ஏறத்தாழ 370 வீடுகளில் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை எனக் கண்டறியப்பட்டு, நகரின் வடகோடியில் இருக்கும் நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. செய்தியைப் பார்த்த அன்று அந்த அக்காவை நினைத்தேன். அவர் எந்தப் பட்டியலில் இருந்தார் என்று தெரியாது. கிட்வாய் நகரிலிருந்து ஒரு ஆட்டோவில் சென்று, "அக்கா, அன்னைக்கு நான் தப்பாக் கேட்டுட்டேன்" என்று சொல்லியிருக்கக்கூடிய ஆண்டுகள் எனக்கு இருந்தன. சொல்லவில்லை. இப்போது எந்த வாசலில் போய்ச் சொல்வது?

ஆகையால், தங்கைக்கு நான் எழுதிய மறுமொழி இது. மென்பொருளை அங்கே போயும் கற்கலாம். புறப்படும் முன் தோலுவோ பேசும் ஒருவரைத் தேடிப் பிடி. உன் பல்கலைக்கழகத்திலேயே இருக்கக்கூடும். "நெஞ்சு அடைக்குது" என்பதை அவருடைய தாய் எப்படிச் சொல்வார் என்று கேள். நூறு என்ற எண்ணை உன் வழிகாட்டியிடம் பேசிக் குறை. மொழிபெயர்க்க வரும் பெண்ணின் பெயரை முதல் நாளே முழுமையாக எழுதி வைத்துக்கொள். படிவம் முடிந்து எழுந்த பிறகு வாசற்படியில் ஒருவர் பேசத் தொடங்கினால், அடுத்த வீட்டுக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மீண்டும் உட்கார்.